பரங்கிக்காய் செதுக்கும் கருவிப் பெட்டி: நம்மூர்க் காய்களோடு ஒரு வாரம்

சென்ற அக்டோபரில், எங்கள் அண்ணா நகர் குடியிருப்பின் பிள்ளைகள் மேலைநாட்டார் அக்டோபர் 31 அன்று வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் மாலையைத் தாங்களும் கொண்டாட விரும்பியபோது, வாசலில் வைக்கும் பரங்கிக்காய் விளக்குகளைச் செய்துதரும் பொறுப்பை எங்கள் வீடு ஏற்றுக்கொண்டது. 2024ஆம் ஆண்டில் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்துவிட்டதால் பிள்ளைகளுக்கு அந்த நினைப்பே எழவில்லை. 2025இல் தீபாவளி 20ஆம் தேதியே முடிந்துவிட, 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை அவர்களுக்காகக் காத்திருந்தது. எனக்குப் பத்து வயதில் ஒரு மகளும் ஆறு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். இருவரும் உட்கார்ந்து செய்யக்கூடிய, கையில் காயம் படாத, வழித்தெடுத்த சதை குப்பைக்குப் போகாத ஒரு வேலையாக இதை நடத்த முடியுமா என்று பார்க்க விரும்பி, இணையத்தில் 749 ரூபாய்க்கு ஒரு செதுக்கும் கருவிப் பெட்டியை வாங்கினேன். ‘குடும்பத்தோடு எளிதாகச் செய்யலாம்’ என்பது அதன் அட்டையில் எழுதியிருந்த வாக்குறுதி. ஒரு வாரத்தில் ஐந்து காய்களில் அந்தப் பெட்டியைப் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். ஏறக்குறைய இதே பொருள்கள் அடங்கிய பெட்டிகள் பல பெயர்களில் விற்பனைக்கு இருப்பதால், பெயரைக் காட்டிலும் உள்ளே இருப்பதைப் பற்றிச் சொல்வதே வாங்குபவர்களுக்குப் பயன்படும்.

பெட்டிக்குள் பெரிய பற்கள் உள்ள ரம்பம் ஒன்றும் நுண்ணிய பற்கள் உள்ள ரம்பம் ஒன்றும் இருந்தன. இரண்டும் நம் பென்சில் நீளம்தான். இவற்றோடு உள்ளே வழித்தெடுப்பதற்கு ஓரம் கூரான அகன்ற கரண்டி, படத்தைக் காயின்மேல் புள்ளி புள்ளியாகக் குத்திப் பதிக்கும் ஊசி, அதே வேலைக்கான பற்சக்கரம், கையால் சுற்றும் பிளாஸ்டிக் டிரில், பத்துப் படத்தாள்கள், ஒரு மார்க்கர் பேனா, பொத்தான் பேட்டரியில் எரியும் இரண்டு சிறு விளக்குகள் ஆகியவையும் இருந்தன. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. குறை எங்கே இருக்கிறது என்பது முதல் காயில் ரம்பத்தை வைத்தபோதுதான் தெரிந்தது.

இந்தக் கருவிகள் எந்தக் காயை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஹாலோவீனுக்குச் செதுக்கும் காய் பெரும்பாலும் குக்குர்பிட்டா பெப்போ என்னும் இனத்தைச் சேர்ந்தது. மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹௌடன் உருவாக்கியதும் அவர் பெயராலேயே வழங்குவதுமான வகை அங்கே பெயர்பெற்றது. ஆரஞ்சு நிறத் தோல், உள்ளே பெரிய வெற்றிடம், அளவான சுவர்த் தடிமன், பிடித்துத் தூக்கத்தக்க உறுதியான காம்பு ஆகியவை அதன் இயல்புகள். சமையலுக்கு அது அவ்வளவு சிறந்ததல்ல, நாரும் நீருமாக இருக்கும். சென்னையில் நாம் பரங்கிக்காய் என்றும் மஞ்சள் பூசணி என்றும், கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்றும் சொல்லும் காயோ பெரும்பாலும் குக்குர்பிட்டா மொஸ்சாட்டா இனத்தைச் சேர்ந்தது. கூட்டுக்கும் சாம்பாருக்கும் சதைப்பற்று வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காய் அது. எனவே சமையலறையில் எது அதன் பெருமையோ அதுவே செதுக்குவதற்கு இடையூறாகிவிடுகிறது. விற்பவர்கள் இந்த வேறுபாட்டை ஒரு வரியிலாவது அட்டையில் எழுதியிருந்தால், முதல் நாள் நாங்கள் பட்ட பாட்டில் பாதி குறைந்திருக்கும்.

முதல் காயைக் கோயம்பேட்டிலிருந்து வாங்கி வந்தோம். ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவான, தட்டையான, ஆழ்ந்த வரிகள் ஓடிய காய். முழுப் பூசணியையும் பரங்கியையும் பெண்கள் முதலில் வெட்டக் கூடாது என்ற வழக்கம் என் கணவர் வீட்டில் உண்டு. நான் ரம்பத்தை எடுத்ததும் அத்தை, “அவன் வந்து முதல்ல ஒரு கீறல் போடட்டும்மா, அப்புறம் நீ எப்படி வேணா செஞ்சுக்கோ” என்றார். அவர் மனம் நிறைய அப்படியே செய்தோம். கணவர் போட்ட முதல் கீறலிலேயே ரம்பத்தின் அலகு வளைந்தது. காம்பைச் சுற்றி மூடியை வெட்டி எடுக்க ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பிடித்தது. எடுத்துப் பார்த்தால் சுவர் சில இடங்களில் நான்கு சென்டிமீட்டருக்கும் மேல் தடித்திருந்தது. பற்சக்கரம் வரிகளின் பள்ளத்தில் வழுக்கியது, படத்தாளும் மேடுபள்ளத்தில் ஒட்டாமல் சுருங்கியது. வெட்டிய இடங்களில் கசிந்த பால் கையில் பசை போல் ஒட்டிக் காய்ந்து தோலை இழுத்தது. எண்ணெய் தடவிக்கொண்டு வேலையில் இறங்கினால் அதைக் கழுவுவது எளிது என்று அத்தைதான் சொல்லிக்கொடுத்தார். பிளாஸ்டிக் டிரில் மூன்றாவது துளையில் முறிந்தது. இரு கண்ணும் ஒரு வாயும் வெட்டி முடிந்தபோது பிள்ளைகள் இருவரும் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். குடும்பத்துக்கான பொருள் என்று விற்கப்படும் ஒன்றில் இதைவிடப் பெரிய குறையை என்னால் சொல்ல முடியாது.

இரண்டாவது நாள் காயை மாற்றினோம், அத்தோடு நிலைமையும் மாறியது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள, வரிகள் அதிகம் இல்லாத, உருண்டையான இரண்டு சிறு காய்களைத் தேடி வாங்கினேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 வகைக் காய்கள் ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடைக்குள் இருக்கும். பெங்களூருத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சூர்யமுகி அதனினும் சிறியது, ஆரஞ்சு நிறம் கொண்டது. கடையில் வகைப் பெயரைக் கேட்டு வாங்க முடியாது என்பதால், கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழியைச் சொல்கிறேன். தரையில் வைத்தால் ஆடாமல் நிற்க வேண்டும். முன்புறம் ஓர் உள்ளங்கை அகலத்துக்காவது வரியில்லாத சமமான தோல் இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்கு முற்றியிருக்க வேண்டும். கைக்குக் கனமாக இல்லாமல், தட்டினால் உட்புழையின் ஓசை கேட்க வேண்டும். காம்பு ஒடிந்த இடத்தில் ஈரமோ கருமையோ இருந்தால் அந்தக் காயை விட்டுவிடுங்கள், அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

இந்தச் சிறு காய்களில்தான் பெட்டியின் உண்மையான மதிப்பு தெரிந்தது. வழிக்கும் கரண்டி மிக நல்ல பொருள். நம் வீட்டுக் கரண்டியின் ஓரம் மழுங்கலாக இருப்பதால் நாரை மட்டும்தான் எடுக்கும். இதுவோ சதையையும் சீவிச் சீவி எடுக்கிறது. செதுக்கப்போகும் முன்சுவரை மட்டும் உள்ளிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையும்வரை சீவிவிட்டால், மறுபுறமிருந்து நுண்பல் ரம்பம் தடையின்றி இறங்கும்; மற்றச் சுவர்களை அப்படியே விட்டுவிட்டால் காய் உறுதியாகவும் நிற்கும். ஆறு வயது மகனால் முழுமையாகச் செய்ய முடிந்த வேலையும் இதுதான். விதைகளை அள்ளுவதிலும் சதையைச் சீவுவதிலும் அவன் நாற்பது நிமிடம் எழுந்திருக்கவே இல்லை. ஊசியால் படத்தைக் குத்திப் பதிப்பது மகளின் வேலையாக இருந்தது. பெட்டியோடு வந்த பத்துப் படங்களில் எட்டு, மிக நுணுக்கமானவை; கோட்டைக்கும் வௌவாலுக்கும் இடையிலுள்ள மெல்லிய பாலங்கள் சிறு காயில் ஒடிந்துவிடும். முக்கோணக் கண்களும் அகன்ற வாயும் உள்ள இரண்டு படங்கள் மட்டுமே பயன்பட்டன.

மூடியை எப்படி வெட்டுவது என்பதிலும் ஒரு வார்த்தை. கத்தியை நேர்குத்தாக இறக்கினால் மூடி உள்ளே விழுந்துவிடும். நடுவை நோக்கிச் சாய்த்து வெட்டினால் அது விளிம்பில் உட்காரும். எங்கள் அனுபவத்தில் அதைவிட நல்லது அடிப்புறத்தை வெட்டுவது. மேலே காம்பும் முகமும் முழுதாக நிற்கும். விளக்கைத் தட்டில் வைத்துக் காயை அதன்மேல் கவிழ்த்துவிடலாம். முதல் வெட்டுக்கு, எந்தக் காயானாலும், சமையலறையின் உறுதியான கத்தியையே பெரியவர்கள் பயன்படுத்துவது நல்லது. பெட்டியின் ரம்பங்கள் அதற்குத் தகுந்தவை அல்ல. மகளுக்கு நுண்பல் ரம்பத்தைக் கொடுத்தபோது காயை நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன், ரம்பம் போகும் திசையில் யாருடைய கையும் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். ரம்பத்தின் பற்கள் சிறியவை என்பதால் காயம் படாது என்று அட்டை சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். வழுக்கினால் தோல் கிழியும்.

நான்காவதாக ஒரு வெள்ளைப் பூசணியைச் செதுக்கிப் பார்க்கலாம் என்ற யோசனை மகளுடையது. அமாவாசை தோறும் கடை வாசலிலும், கட்டுமானம் நடக்கும் வீடுகளிலும் அவள் பார்க்கும் திருஷ்டிப் பூசணிக்கு ஏற்கெனவே கண்ணும் மீசையும் பல்லும் இருக்கின்றனவே, அதற்குள் விளக்கு வைத்தால் என்ன என்று கேட்டாள். அத்தைக்கு இது முதலில் பிடிக்கவில்லை. திருஷ்டிக்கு என்று வைக்காமல் சாதாரணக் காயாக வாங்கியதுதான் என்று விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார். செதுக்குவதற்கு ஐந்தில் சிறந்த காய் இதுவே என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ரம்பம் இறங்கியது. பெட்டியின் படத்தாள் இதன் மழமழப்பான தோலில் சுருக்கமின்றிப் படிந்தது. நுணுக்கமான வௌவால் படம்கூட ஒடியாமல் வந்தது. சுவரை மெலிதாகச் சீவிய இடங்களில் வெளிர்பச்சையாக ஒளி ஊடுருவி நின்றது, அந்த அழகைப் பரங்கியில் நாங்கள் காணவில்லை. மேலே படிந்திருக்கும் சாம்பலை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்பதும், நீர்ச்சத்து மிகுதி என்பதால் அடியில் ஒரு தட்டு அவசியம் என்பதும் மட்டுமே கவனிக்க வேண்டியவை. ஆரஞ்சு நிறம்தான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்காத வீடுகளுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

ஐந்தாவது காய்க்குப் பெட்டியின் ரம்பங்களே தேவைப்படவில்லை. கணவர் தம் டிரில்லிங் மெஷினை எடுத்து வந்தார். அத்தை ஈர்க்குச்சியால் அளந்து, சுண்ணாம்புக் கட்டியால் காயைச் சுற்றிலும் புள்ளி வைத்தார். ஏழு புள்ளியில் தொடங்கி ஒன்றில் முடியும் இடுக்குப் புள்ளிக் கோலம். ஒவ்வொரு புள்ளியையும் எட்டு மில்லிமீட்டர் அலகால் துளைத்தோம், கோட்டை மட்டும் கரண்டியின் ஓரத்தால் தோல் போகும் அளவுக்குச் சுரண்டினோம். தடித்த சுவர் இங்கே தடையாக இல்லை. துளை ஆழமாக இருப்பதால் ஒளி ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தனிக்கதிராக வந்தது. செலவிட்டது இருபது நிமிடம். ‘எளிது’ என்ற சொல்லுக்கு உண்மையாகவே பொருந்திய முறை இது ஒன்றுதான், ஆனால் மின்கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. புள்ளி வைப்பதும் கோடு சுரண்டுவதும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தன.

ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் செதுக்கும் பெட்டியை வாங்கவே வேண்டாம், வண்ணம் தீட்டுவதே போதும். அக்ரிலிக் வண்ணம் பரங்கியின் தோலில் நன்றாகப் பிடிக்கிறது. முன்னதாகக் காயைக் கழுவி ஒரு மணி நேரம் உலர்த்த வேண்டும். கொலுவுக்கு வாங்கி மிஞ்சியிருந்த சமிக்கி, ஜரிகை, காகிதப் பூ ஆகியவற்றை ஒட்டி என் மகன் செய்த முகம், குடியிருப்பின் பிள்ளைகள் அதிகம் கூடி நின்று பார்த்த காயாக இருந்தது. அது வெட்டுப்படாத காய் என்பதால் கார்த்திகை தீபம் வரையிலும் வாடாமல் கூடத்தில் இருந்தது.

செதுக்கிய காய்களின் ஆயுளைப் பற்றி அட்டை ‘ஒரு வாரம்’ என்கிறது. குளிர் நாடுகளின் அக்டோபருக்கு அது சரியாக இருக்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, காற்றில் ஈரம் கனத்திருக்கும் சென்னையின் அக்டோபர் இறுதியில், புதன்கிழமை செதுக்கிய எங்கள் பெரிய காயில் வெள்ளிக்கிழமை காலையிலேயே சாம்பல் நிறப் பூசணம் பிடித்துவிட்டது, பழ ஈக்களும் மொய்த்தன. வெட்டிய ஓரங்களில் வாசலின் தடவி, பகலில் குளிர்பெட்டியில் வைத்திருந்த சிறு காய்கள் மூன்று நாள் தாங்கின. ஆகவே கொண்டாட்டத்தன்று காலையிலோ முந்திய நாள் இரவிலோ செதுக்குங்கள், அதற்கு முன்னதாக வேண்டாம்.

பெட்டியில் வந்த விளக்குகளைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றின் அடிமூடி திருகாணி இல்லாமல் நகத்தால் திறந்துகொள்கிறது. உள்ளே இருப்பது வட்டமான பொத்தான் பேட்டரி. ஒரு சிறு குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். குழந்தைகளுக்கான பொருள் என்று விற்கும் பெட்டியில் இப்படியொரு விளக்கைச் சேர்த்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவற்றை அன்றே எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, மூடியைத் திருகாணி போட்டு இறுக்கிய, சாதாரண பென்சில் பேட்டரியில் எரியும் விளக்குகளை வாங்கிவைத்தேன். மண் அகலை ஏற்றிவைத்தும் ஒரு முறை பார்த்தோம். சுடர் மஞ்சளாக அழகாக இருந்தாலும், மேல்சுவர் கருகி, காய் வேகும் மணம் கிளம்பியது. தொளதொளத்த பாலியஸ்டர் வேட உடைகளில் பிள்ளைகள் சுற்றி ஓடும் இடத்தில் திறந்த சுடர் வேண்டவே வேண்டாம்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது, காய்க்குள் விளக்கு எதற்கு என்று மகள் கேட்டாள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும், குளிர்காலத் தொடக்கமான சௌவின் திருநாளை ஒட்டி, டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி விளக்கு வைத்தார்கள் என்பதையும், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஐரிஷ் மக்கள் அங்கே கிடைத்த பெரிய பரங்கியைக் கிழங்குக்குப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சொன்னேன். கிழங்கிலிருந்து பரங்கிக்கு அவர்கள் மாறியதைக் கேட்டதும்தான் அவளுக்கு வெள்ளைப் பூசணி யோசனை வந்தது. ஹாலோவீன் என்ற பெயரே நவம்பர் 1ஆம் நாள் வரும் அனைத்துப் புனிதர் திருநாளின் முன்மாலையைக் குறிப்பது. மறுநாளான நவம்பர் 2 அன்று கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் தன் தோழியின் குடும்பம் மெழுகுவத்தி ஏற்றுவதை அறிந்திருந்த அவளுக்கு, இது பேய்ப் படத்து வேடிக்கை மட்டும் அல்ல என்பது எளிதாக விளங்கிற்று.

இனிப் பெட்டியின் மதிப்புக்கு வருகிறேன். வழிக்கும் கரண்டிக்கும் நுண்பல் ரம்பத்துக்கும் படம் பதிக்கும் ஊசிக்கும் நான் முழு மதிப்பெண் தருவேன். அடுத்த ஆண்டுக்காக அவற்றைக் கழுவித் துடைத்து, துருப்பிடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்திருக்கிறேன். பெரும்பல் ரம்பம் வளைந்துவிட்டது, டிரில் முறிந்துவிட்டது, பற்சக்கரம் நம் பரங்கிக்குப் பயன்படாது, விளக்குகள் ஆபத்தானவை. 749 ரூபாயில் பாதிக்கு மேல் வீண் என்றுதான் கணக்குப் பார்க்க வேண்டும். இந்த மூன்று கருவிகளும் தனியாகக் கிடைத்தால் அவற்றை மட்டும் வாங்குங்கள். பெட்டியாகவே வாங்க நேர்ந்தால், சிறிய பரங்கியோ வெள்ளைப் பூசணியோ கிடைப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகு வாங்குங்கள். ஐந்து கிலோ வரிப்பரங்கியோடு இதைச் சேர்த்தால் உங்கள் பிள்ளைகளும் எழுந்துபோய்விடுவார்கள்.

சீவியெடுத்த சதை அனைத்தையும் வண்ணம், மார்க்கர் ஆகியவை படுவதற்கு முன்பே தனிப் பாத்திரத்தில் சேர்த்துக்கொண்டோம். பரங்கியில் அத்தை பால் கூட்டும், மறுநாள் வெல்லம் போட்டு அல்வாவும் செய்தார். வெள்ளைப் பூசணியின் சதை காசி அல்வாவாயிற்று. விதைகளைக் கழுவி நிழலில் உலர்த்தி, உப்பும் மிளகும் சேர்த்து வறுத்ததைப் பிள்ளைகள் அந்த வெள்ளிக்கிழமை மாலை சாக்லேட்டுகளோடு சேர்த்து விநியோகித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பூசணம் பிடித்த பெரிய காயை மட்டும் மக்கும் குப்பையில் போட்டுவிட்டு, மார்க்கர் படிந்த தோலைச் சீவி நீக்கிய சிறு காய்களையும் கோலக் காயையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து எங்கள் பால்காரரிடம் கொடுத்தேன். விளக்குகளை எடுத்துவிட்டீர்களா என்று அவர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு, ஒவ்வொரு காயையும் கவிழ்த்துப் பார்த்த பிறகே தம் மாடுகளுக்கு எடுத்துச் சென்றார்.